ரெண்டு பக்கா, ஒரு சுமார்

மஸ்கட்டில் மணி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. என் மனைவி அங்கே ஒரு மருத்துவமனைக்கு நர்ஸாகப் போன பிறகு நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. பொன்னேரி ஸ்டேஷனில் நான் காலை ரயிலுக்கு நிற்கும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அவள் வார்டில் யாருக்காவது ஊசி போட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு பேருக்கும் ஒன்றாக ஓய்வு கிடைப்பது சாயங்காலம் கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் பேசுவதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள இரண்டு பேருக்குமே வெகுநாள் ஆயிற்று.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் மா. நீ?"

"ஆச்சு. இன்னா கொழம்பு?"

"முட்ட."

"நேத்தும் முட்டதானே?"

"ஆமா."

பிறகு இந்தப் பக்கம் ஃபேன் சத்தம், அந்தப் பக்கம் ஏ.சி. சத்தம். யாராவது ஒருத்தர் "சரி, வெச்சிடட்டா" என்று கேட்கும்வரை அதையே கேட்டுக்கொண்டிருப்போம்.

எனக்கு வேலை கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில். எடைமேடை ஆபரேட்டர். ஆலை வாசலில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருப்பேன். லாரி மேடைமேல் ஏறி நிற்கும், எடை திரையில் வரும், அதைப் பதிந்து சீட்டுக் கொடுப்பேன். வருகிற டிரைவர்களில் பாதிப் பேர் தெலுங்கு, மீதிப் பேர் இந்தி. "முன்னாடி எடு", "பின்னாடி போ", "கீழ எறங்கி நில்லு" என்று மூன்று மொழியிலும் சொல்லத் தெரியும். சில நாள் வீடு திரும்பி, கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றும்போது, அன்றைக்கு முழுக்க நான் பேசியது அவ்வளவுதான் என்று உறைக்கும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நாலு பேர் "சிஸ்டர் எப்படி இருக்காங்க?" என்று கேட்பார்கள். நல்லா இருக்காங்க என்பேன்.

அந்த விளையாட்டை அவள்தான் கொண்டுவந்தாள். அவளுடைய வார்டில் குழந்தைகளுக்காக வைத்திருந்த பொம்மைகளுக்கு நடுவே ஒரு பலகை இருந்ததாம். ஓட்டை போட்ட பலகை, நிறம் நிறமாகக் குச்சிகள். அவளோடு அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஆடச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஒருத்தர் நான்கு நிறங்களை ஒரு வரிசையில் மறைத்து வைக்க வேண்டும். இன்னொருத்தர் ஒவ்வொரு வரிசையாக வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். மறைத்தவர் சொல்ல வேண்டியது இரண்டே விஷயம். எத்தனை குச்சி சரியான நிறத்தில் சரியான இடத்தில் இருக்கிறது, எத்தனை குச்சி நிறம் சரியாக இருந்தும் இடம் மாறியிருக்கிறது. அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

"அதுக்கு கறுப்பு, வெள்ளன்னு ஏதோ பேரு சொல்றாங்கபா. எனக்கு கொழப்புது. நாம இடமும் சரியா இருந்தா பக்கா, நெறம் மட்டும்னா சுமார்னு வெச்சிக்கலாம். இன்னா சொல்றே?"

சரி என்றேன். அவள் ஃபோனிலிருந்து நான்கு கேள்விக்குறிகளை அனுப்பினாள். நான் ஃபோனில் இருக்கிற வண்ண வட்டங்களில் நான்கைப் பொறுக்கி அனுப்பினேன். சிவப்பு, நீலம், மஞ்சள், ஊதா. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "ரெண்டு பக்கா, ஒரு சுமார்."

அந்த முதல் ஆட்டத்தை நான் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் எடைமேடையில் உட்கார்ந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். எந்த இரண்டு பக்கா? எது சுமார்? லாரி வந்து ஹாரன் அடித்த பிறகுதான் தலை நிமிர்ந்தேன். சாயங்காலம் அவள் கூப்பிட்டபோது குழம்பைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

"மஞ்சள ஏன்பா அங்கயே புடிச்சிக்கினு இருந்தே? அது இல்லவே இல்ல."

"நீ மஞ்சள் இல்லாம வெக்கமாட்டேன்னு நெனச்சேன்."

"அதான் வெக்கல. நீ அப்பிடித்தான் நெனப்பேன்னு எனக்கு தெரியும்."

அவள் சிரித்தாள். பல மாதம் கழித்துக் கேட்ட சிரிப்பு.

அதற்கப்புறம் நாள் முழுக்க ஆட்டம் ஓடியது. அவள் ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் ஒரு வரிசை அனுப்புவாள். நான் ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் பதில் போடுவேன். கூடவே வாழ்ந்தபோது தெரியாத சில விஷயங்கள் அவளைப் பற்றி அப்போது தெரிந்தன. ஒரே நிறத்தை இரண்டு இடத்தில் மறைத்து வைக்கும் தைரியம் அவளுக்கு இருந்தது. எனக்கு அது தோன்றவே தோன்றாது. அவள் அவசரப்படமாட்டாள். தப்பு என்று தெரிந்தே ஒரு வரிசையை அனுப்பி, அதில் வருகிற பதிலை வைத்து மூன்று விஷயத்தைக் கழித்துவிடுவாள். கல்யாணமான புதிதில் அவள் என்னிடம் எதையோ கேட்காமல் கேட்டுத் தெரிந்துகொண்ட சந்தர்ப்பங்கள் நினைவுக்கு வந்தன.

ஒரு புதன்கிழமை என்று நினைக்கிறேன். நான் மறைத்து வைத்திருந்தேன், அவள் தேடிக்கொண்டிருந்தாள். மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு என்று அனுப்பினாள். நான் என் வரிசையைப் பார்த்தேன். அப்படியே இருந்தது. "நாலும் பக்கா! ஜெயிச்சிட்டே!" என்று எழுதி, மறைத்து வைத்திருந்ததையும் அனுப்பினேன்.

உடனே குரல் பதிவு வந்தது.

"இன்னாபா இது? நான் பச்ச வெச்சேன். நீ காப்பி கலரு வெச்சிருக்கே. எப்பிடி பக்கா?"

நான் இரண்டு வரிசைகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பார்த்தேன். ஒரே மாதிரிதான் இருந்தன. "பச்சதானே வெச்சேன்" என்று எழுதினேன்.

"கண்ணு எதிர்லயே கீதுபா. எதுக்கு பொய் சொல்றே?"

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து ஒரு சிரிப்புப் படத்தை அனுப்பினேன். அவள் பதில் அனுப்பவில்லை.

அடுத்த வாரத்தில் மறுபடி அப்படி நடந்தது. இந்தத் தடவை நான் கொடுத்த பதில்களை வைத்து எந்த வரிசையுமே சாத்தியமில்லை என்று அவள் எல்லா வழியிலும் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். நான் ஒழுங்காகத்தான் பார்த்துச் சொன்னேன் என்றேன். மூன்றாவது தடவை அவள் சாயங்காலம் கூப்பிட்டாள். வீடியோவை அணைத்து வைத்திருந்தாள்.

"உனக்கு ஆட இஷ்டமில்லன்னா சொல்லிடு. பாக்காமயே பக்கா பக்கான்னு போடாதே."

"பாத்துதான் மா போடறேன்."

"சீக்கிரமா என்ன ஜெயிக்க வெச்சிட்டு ஃபோன வெச்சிடலாம்னு பாக்கறே. எனக்கு தெரியாதா? முன்னாடியும் இப்பிடித்தான். நான் பேசிக்கினே இருப்பேன், நீ உம் உம்னு சொல்லிக்கினே இருப்பே. காது இங்க இருக்காது."

அதில் பாதி உண்மை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. நானும் ஏதோ சொன்னேன். அவள் "சரி, வெச்சிடறேன்" என்றாள். மறுநாள் கேள்விக்குறிகள் வரவில்லை. நானும் அனுப்பவில்லை. பழையபடி சாப்ட்டியா, சாப்ட்டேன். அதுவும் எழுத்தில்.

ஆட்டம் நின்றதும் பகல் மிகவும் நீளமாகிவிட்டது. ஃபோனில் அதே விளையாட்டு ஒரு செயலியாகக் கிடைத்தது. இறக்கிக்கொண்டு ரயிலில் தனியாக ஆட ஆரம்பித்தேன். மறைத்து வைப்பதும் பதில் சொல்வதும் இயந்திரம். அது ஏமாற்றாது, கோபித்துக்கொள்ளாது. ஆனால் அதற்கென்று பிடித்த நிறம் ஒன்றும் கிடையாது. மஞ்சளை எதிர்பார்ப்பேன் என்று நினைத்து மஞ்சளை விட்டுவிடாது. அந்தப் பக்கம் யாரும் என்னைப் பற்றி நினைக்கவில்லை என்பது ஒவ்வொரு ஆட்டத்திலும் தெரிந்துகொண்டே இருந்தது. ஆனாலும் ஆடினேன். பல ஆட்டங்களில் தோற்றேன். ஏன் தோற்கிறேன் என்று புரியவில்லை. கணக்குச் சரியாக வந்துகொண்டே இருக்கும், திடீரென்று ஓரிடத்தில் எதுவும் எதோடும் பொருந்தாது.

ஒருநாள் சாயங்கால ரயில் கவரைப்பேட்டையில் நின்றுவிட்டது. எக்ஸ்பிரஸ் போக வேண்டும் என்று எங்களை ஓரங்கட்டியிருந்தார்கள். பெட்டி முழுக்க தொழிற்பேட்டைக் கூட்டம். எனக்குப் பக்கத்தில் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண், என் மனைவி வயது இருக்கும், என் ஃபோனையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல் சொன்னாள்:

"அண்ணா, தப்பா வெக்கிறீங்க. அங்க பச்ச வெச்சிட்டீங்க, இங்க காப்பி கலரு வெச்சிருக்கீங்க. ரெண்டும் ஒன்னுன்னு நெனச்சிக்கினு ஆடறீங்களா?"

"எது காப்பி கலரு?"

"இதோ, மூணாவது."

பார்த்தேன். "ரெண்டும் ஒன்னுதானேம்மா?"

அவள் நான் கிண்டல் செய்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எதிரில் இருந்த தோழியைத் தட்டினாள். "ஏய், இங்க பாருடி. அண்ணாவுக்கு பச்ச எது, காப்பி எதுன்னு தெரியலயாம்."

தோழி தன் துப்பட்டாவைத் தூக்கிக் காட்டினாள். "இது இன்னா கலருணா?"

"காப்பி."

பெட்டியில் பாதிப் பேர் சிரித்தார்கள். அது பச்சையாம். வேறொருத்தி சாப்பாட்டுப் பையைக் காட்டினாள். மேலே கம்பியைப் பிடித்து நின்றிருந்த ஓர் ஆள் தன் சட்டையைக் காட்டினான். யாரும் மனதில் வன்மத்தோடு செய்யவில்லை. ரயில் நின்றுபோன அலுப்பில் அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்குக் கிடைத்தது. நானும் சிரித்தேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். சிலது சரி, சிலது தப்பு. எது சரி, எது தப்பு என்று அவர்கள் சிரிப்பை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. "பாவம்டி, உடுங்க அவர" என்று யாரோ சொன்னபோதுதான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போயிற்று. தண்ணீர் வாங்கப் போகிறவன்போல பிளாட்ஃபாரத்தில் இறங்கினேன். எக்ஸ்பிரஸ் கடந்து போயிற்று. எங்கள் ரயில் கிளம்பியது. நான் ஏறவில்லை.

அங்கே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து தண்டவாளத்துக்கு அப்பால் இருந்த வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் இலை பச்சை. அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஆனால் அது இலை என்று தெரிந்ததால்தான் பச்சை என்றும் தெரிந்திருக்கிறது. மண் என்றால் காப்பி. கிளி என்றால் பச்சை. பொருளின் பெயர் கூடவே வந்து நிறத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. ஆலையில் கம்பிக் கட்டுகளின் முனையில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிறம் பூசியிருப்பார்கள். எல்லாரும் தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்லுவார்கள். நான் கிட்டே போய்த் தொங்குகிற தகரச் சீட்டைத் திருப்பிப் படிப்பேன். எனக்குப் பொறுப்பு அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெறும் வட்டம், அதற்கு எந்தப் பொருளின் பெயரும் இல்லை என்கிறபோது நான் மாட்டிக்கொண்டேன்.

அடுத்த ரயிலைப் பிடித்துப் பொன்னேரியில் இறங்கியதும் கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தாள். பக்கம் நிறையப் புள்ளிகள். புள்ளிகளுக்கு நடுவே என்ன எண் தெரிகிறது என்று கேட்டாள். முதல் பக்கத்தில் தெரிந்தது. நிம்மதியாகச் சொன்னேன்.

"அது எல்லாருக்கும் தெரியும் சார்" என்றாள்.

அடுத்த பக்கங்களில் புள்ளிகள் மட்டும்தான் இருந்தன. அவள் ஒவ்வொரு பக்கத்தையும் சற்று நேரம் பிடித்துக் காத்திருந்தாள். அதில் ஓர் எண் இருக்கிறது, அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் அதே காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"பொறப்புலயே இருந்திருக்கும் சார். கண்ணாடி போட்டாலும் சரியாவாது. ஆனா ஒண்ணும் பயமில்ல, இது ஏறாது. இத்தன நாளா யாரும் கண்டுபுடிக்கலயா?"

இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தெருவில் பூக்கடை, பழக்கடை, துணிக்கடை எல்லாம் விளக்குப் போட்டிருந்தன. இங்கே எல்லாரும் வேறு ஒரு தெருவில் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. கூப்பிட்டால் எடுக்கமாட்டாள், அன்றைக்கு அவளுக்குச் சாயங்கால டூட்டி. ஓரமாக நின்று குரல் பதிவாகச் சொன்னேன். கோர்வையாக வரவில்லை. "எனக்கு பச்சையும் காப்பியும் ஒன்னாத்தான் தெரியுது மா. நான் பாத்துதான் சொன்னேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் வீடியோவில் வந்தாள். மருத்துவமனைப் படிக்கட்டில் யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்தாள். முதலில் நர்ஸாகக் கேட்டாள். எந்தெந்த நிறம், இரண்டு கண்ணிலுமா, புத்தகத்தில் எத்தனாவது பக்கம்வரை தெரிந்தது. பிறகு நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"நான் ஒரு நர்ஸு. இத்தினி வருஷம் உங்கூட ஒரே ஊட்ல இருந்துகிறேன். எனக்கே தெரியல பாரு."

"எனக்கே தெரியலயே மா."

"ஒரு ஈஸ்டருக்கு பொடவ வாங்கினு வந்தியே, ஞாபகம் கீதா? நான் பச்ச கேட்டிருந்தேன்."

"ஆமா. அந்தப் பச்சப் பொடவ."

"அது பச்ச இல்லபா. காப்பி கலரு."

நடந்துகொண்டிருந்தவன் நின்று ஃபோனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தேன்.

"நான் சொன்னது உன் காதுலயே விழலன்னு நெனச்சேன். கைக்கு கெடச்சத நீ எடுத்துக்கினு வந்துட்டேன்னு. வாய தொறக்காம கட்டிக்கினேன். அத கட்டிக்கினு சர்ச்சுக்கு வரும்போது நீ 'பச்ச உனக்கு எடுப்பா கீது'ன்னு சொன்னே. கிண்டல் வேற பண்றியேன்னு அன்னிக்கு பூரா அழுகையா வந்துச்சி."

"கேட்டிருக்கலாமே மா."

"கேட்டிருக்கலாம்."

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோனாள். அந்தப் புடவை பீரோவில் இருந்தது. வீட்டுக்குப் போனதும் எடுத்து விளக்குக்கடியில் விரித்துப் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது பச்சையாகத்தான் இருந்தது.

மறுநாள் மதியம் கேள்விக்குறிகள் வந்தன. கூடவே ஒரு குறிப்பு. இனிமேல் வட்டம் வேண்டாம். மீன், நண்டு, குடை, பஸ், வாழைப்பழம், மணி. இந்த ஆறு படங்களை வைத்து ஆடலாம். நான் மீன், நண்டு, பஸ், மணி என்று அனுப்பினேன். ஒரு பக்கா, ஒரு சுமார் என்று பதில் வந்தது. மறுபடியும் எனக்கு யோசிக்க ஏதோ கிடைத்தது. எடைமேடையில் ஒரு டிரைவர் என் ஃபோனை எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, மீன் வியாபாரமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கிறிஸ்துமஸுக்கு அவள் லீவில் வந்தாள். பெட்டியில் எனக்குச் சட்டையோடு அந்த விளையாட்டின் பலகையும் இருந்தது. கடையில் புதிதாக வாங்கியது. காப்பி நிறக் குச்சிகளின் தலையில் எல்லாம் வெள்ளை பிளாஸ்திரியைச் சின்னதாக வெட்டி ஒட்டியிருந்தாள். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி. எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து ஒட்டியிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வந்தவர்கள், போனவர்கள், விருந்து எல்லாம் ஓய்ந்த ஒரு மதியம் கட்டில்மேல் பலகையை வைத்து உட்கார்ந்தோம். அவள் மறைத்து வைத்தாள். நான் வைத்தேன். "ஒரு பக்கா" என்றாள் உடனே. மறுபடி வைத்தேன். உடனே பதில். ஏதோ சரியாக இல்லை. காத்திருக்க ஒன்றுமே இல்லை. என் கை குச்சிக்குப் போகும்போதே அவள் முகத்தில் பதில் தெரிந்தது. நாலைந்து வரிசைக்குப் பிறகு அவளே பலகையைத் தள்ளி வைத்தாள்.

"எதிர்லயே ஒக்காந்துக்கினு இன்னாத்த மறைச்சி வெக்கறது? இன்னா தெரியணுமோ கேளு, சொல்லிடறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு எதைக் கேட்பதென்று தெரியவில்லை. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள், அது கிளம்பவில்லை. அது கிளம்பிப் போகும்வரை இருந்துவிட்டுக் கேட்டேன்.

"அங்க தனியா இருக்கறது கஷ்டமா இல்லியா?"

அவள் ஒரு குச்சியை எடுத்து விரலில் உருட்டினாள்.

"மொதல்ல இருந்துச்சி. இப்ப இல்லபா. அதான் பயமா கீது."

அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். எனக்கு அப்படியில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அவளைத் திரும்பி வரச் சொல்வதுபோல ஆகிவிடும் என்று பேசாமல் இருந்தேன். அவள் என் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்திவிட்டு டீ போட எழுந்துபோனாள். நான் குச்சிகளை நிறவாரியாகப் பிரித்துப் பெட்டியில் போட்டேன். பிளாஸ்திரி இருந்ததால் தப்பு வரவில்லை.

ஒப்பந்தம் முடிய இருந்தது, அவள் நீட்டித்துக்கொண்டாள். என்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்தாள். நான் உன் இஷ்டம் என்றேன். பலகையை இங்கேயே விட்டுப் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்த்தேன். அதைத் தனியாக ஆட முடியாது. நானே மறைத்தால் எனக்கே தெரிந்துவிடும்.

ஃபோனில் இப்போதும் ஆடுகிறோம். அவளுக்கு இப்போது வேறு வார்டு, வேலை அதிகம். முன்போல நாள் முழுக்க முடிவதில்லை. சாயங்காலம் ஓர் ஆட்டம், சில நாள் அதுவும் இல்லை. நானும் கொஞ்சம் தேறியிருக்கிறேன், மூன்றாவது நான்காவது வரிசையிலேயே விடை பிடிபட்டுவிடுகிறது. பிடிபட்டாலும் அதை உடனே அனுப்புவதில்லை. நண்டை இடம் மாற்றி, குடையை எங்கேயோ செருகி, தப்பு என்று தெரிந்த இன்னொரு வரிசையை அனுப்பிவிட்டு, அவள் பதில் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரையில் காட்டுகிற அந்த மூன்று புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.